கிளியம்மாள் இருக்கிற பெட்டி

"தமிழ், எங்க இருக்க? பெட்டி மறுபடியும் சூடாயிடுச்சு. ஐம்பத்தெட்டு டிகிரி காட்டுது."

கிண்டியில் ஏறி, நிற்கக்கூட இடமில்லாத ரயிலில் ஒரு கையில் நனைந்த குடை, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நான் நிற்கிறேன். மஸ்கட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து, பெட்டியின் சூட்டை இன்டர்நெட்டில் பார்த்துக்கொண்டு என் கணவர் மோகன்ராஜ் கேட்கிறார், எங்கே இருக்கிறாய் என்று.

"பழவந்தாங்கல் தாண்டிட்டேன். இங்கேர்ந்தே விசிறிவிடட்டுமா?"

"கோவப்படாதே. அறுபதைத் தொட்டா அதுவா ஆஃப் ஆயிடும். ஆஃப் ஆனா டிஸ்க் காப்பி மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஓடற நேரத்துல இப்படித் திடீர்னு நின்னு நின்னு, இருக்கிற ஒரு டிஸ்க்கும் போச்சுன்னா…"

போகட்டும், போய்த் தொலையட்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது என் மாமியார்.

இப்படிச் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். என் மாமியார் கிளியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாட்ஸப் வந்ததும் அவரைப் பிடிக்க முடியவில்லை. மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மகனிடம் பேசிப் பேசி அனுப்புவார். மழை வந்தது, கறிவேப்பிலை விலை ஏறியது, பக்கத்து மனைக்காரன் சுவரை அரை அடி தள்ளிக் கட்டுகிறான், எல்லாமே மஸ்கட்டுக்குப் போகும். போன வருஷம் ஐப்பசியில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அந்தக் குரல் பதிவுகளை எல்லாம் மோகன் லீவில் வந்தபோது இந்தப் பெட்டியில் ஏற்றி வைத்தார். திரும்பிப் போன கையோடு, அவர் போன் படகிலிருந்து கடலில் விழுந்தது. மாமியாருடைய போன் அதற்கு முன்பே செத்துவிட்டது. ஆகவே கிளியம்மாளின் குரல் இப்போது உலகத்தில் வேறெங்கும் கிடையாது, எங்கள் வீட்டு டிவி அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியில்தான் இருக்கிறது.

பெட்டி என்றால், வீட்டு வை-ஃபையோடு சேர்ந்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்கிற பேக்கப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும். அப்படி ஒன்று போன மாதம் செத்தது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம். பழையதில் உள்ளது முழுக்கப் புதியதில் ஏறி முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஓட வேண்டுமாம். ஓடும், ஓடும், நன்றாகத்தான் ஓடும். சாயங்காலம் ஆனால் சூடேறி, கத்தி, நின்றுவிடும். மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

எனக்கு வயிற்றெரிச்சல் எது தெரியுமா? மே மாசத்தில், அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் கம்பியே உருகிவிடும் போல இருந்த நாட்களில், இந்தப் பெட்டி ஒரு தடவை கூட முனகவில்லை. இப்போது கார்த்திகை மாசம், முடிச்சூர் ரோடு பூரா தண்ணீர், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன், இதற்கு இப்போதுதான் காய்ச்சல் வருகிறது.

அன்றும் தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி அணைந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவை நான் காலையில் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். அதற்கு எதிரே ஒரு டேபிள் ஃபேனையும் போட்டு ஓடவிட்டிருந்தேன். இப்போது ஃபேன் நின்றிருந்தது.

"மாமா! இந்த ஃபேனை யார் நிறுத்துனது?"

என் மாமனார் குப்புராஜ் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். திருநீர்மலை ஏரிக்குக் கீழே நெல் போட்ட மனுஷர். அந்த நிலம் மனை ஆகி, மனை வீடாகி, இப்போது ரோட்டோரம் இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறார். காலையில் டீக்கடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் வீடு.

"நாந்தாம்மா நிறுத்தனேன். மழ கொட்டினு கீது, எவனுக்கு ஃபேனு?"

"உங்களுக்கில்ல மாமா, பெட்டிக்கு!"

"பெட்டிக்கா?" என்றார். "இன்னா, அதுக்கு வேர்க்குதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மாமனார். குரலை இறக்கிக்கொண்டு, "பெட்டியோட ஒயர் எதையாவது புடுங்குனீங்களா? ஸ்விட்ச்சைத் தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பெட்டி ஒயர நான் இன்னாத்துக்கும்மா தொடப்போறேன்? ஸ்விட்ச்சயும் தொடல."

அவர் பொய் சொல்ல மாட்டார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெட்டியை மறுபடியும் போட்டேன். பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மறுநாள் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற விக்கியைப் பிடித்து இழுத்து வந்தேன். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், வாயில் எந்நேரமும் பபிள் கம். பெட்டியை இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான்.

"இன்னாக்கா, ரொம்பப் பேஜார் பண்ணுதா?"

"அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஏன் சூடாவுது?"

"டஸ்ட்டுக்கா. முடிச்சூர் ரோட்டு டஸ்ட்டு. மெஷினு மூச்சு வாங்குது."

ஊதினான், பிரஷ் போட்டான், பின்பக்கத்துச் சின்ன ஃபேனைக் கழற்றிப் புதுசு மாட்டினான். "இனிமே ஐஸ்ஸு மாதிரி இருக்கும்க்கா" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் நான் பல்லாவரம் தாண்டுவதற்குள் மோகனிடமிருந்து போன். ஐம்பத்தொன்பது.

விக்கியை மறுபடி கூப்பிட்டேன். "அப்போ இன்வெர்ட்டர் கோளாறுக்கா" என்றான். பெட்டியை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து வேறு லைனில் கொடுத்தேன். சூடானது. "சாயங்காலம் வோல்ட்டேஜ் ஏறி எறங்குதுக்கா" என்றான். ஸ்டெபிலைசர் வைத்தேன். சூடானது. மோகன் மஸ்கட்டில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் ஃபோரம் ஃபோரமாகப் படித்து, யாரோ போலந்துக்காரன் சொன்னான், யாரோ பிரேசில்காரன் சொன்னான் என்று தினம் ஒரு வைத்தியம் சொல்வார். நானும் முட்டாள் மாதிரி ஒவ்வொன்றாகச் செய்வேன்.

"எல்லாத்தையும் விடுங்க. அத்தையோட பதிவை மட்டும் ஒரு பென் டிரைவ்ல எடுத்துடறேன். பாஸ்வேர்டைக் குடுங்க" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஐயோ, வேணாம் தமிழ். இந்த நேரத்துல டிஸ்க்குக்கு வேற வேலை குடுக்கக் கூடாது. எல்லா ஃபோரத்துலயும் அதான் போட்டிருக்கான். முழுக்கக் காப்பி ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்களாவது அதை என்னைக்காவது போட்டுக் கேட்டீங்களா?"

"முடியல தமிழ். ஒரு தடவை போட்டேன், 'மோகனு'ன்னு ஆரம்பிச்சா பாரு, நிறுத்திட்டேன். கேக்க முடியல. ஆனா அது போயிடக் கூடாது."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பெட்டி இருக்கிற தட்டுக்கு மேலே, பலகையின் அடிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கரி. விரலால் தேய்த்தேன், மை மாதிரி ஒட்டிக்கொண்டது. படம் எடுத்து மோகனுக்கு அனுப்பினேன். அடுத்த நொடி போன்.

"தமிழ், அது எரியுது! உள்ள ஏதோ ஷார்ட் ஆகுது! பகல்ல வீட்டுல அப்பா தனியா இருக்காரு!"

விக்கியும் படத்தைப் பார்த்துவிட்டு, "பவர் போர்டு அவுட்டுக்கா, சந்தேகமே இல்ல, மாத்திட வேண்டியதுதான்" என்றான். இவ்வளவு நாள் டஸ்ட், இன்வெர்ட்டர், வோல்ட்டேஜ் என்று சொன்ன அதே வாய்.

எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. எவன் சொல்வதையும் கேட்பதில்லை, என் கண்ணால் பார்ப்பது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்தபோது மாமனார் உள் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. பச்சை விளக்கு சமர்த்தாகச் சிமிட்டியது. அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து அலமாரி நேராகத் தெரியும். டீ போட்டு மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை தூறியது.

மாமனார் எழுந்தார். முகம் கழுவி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாமி ஷெல்ஃபுக்குப் போனார். விளக்கை ஏற்றினார். இது தினம் நடப்பது, எனக்குத் தெரியும். அப்புறம் இன்னொரு சின்ன அகலை எடுத்து எண்ணெய் விட்டார், திரி போட்டார். அதைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

கூடத்துச் சுவரில் மாமியார் படம் மாட்டியிருக்கிறது, பிளாஸ்டிக் சந்தன மாலையோடு. அதற்குத்தான் என்று நினைத்தேன். மனுஷர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டிவி அலமாரிக்குப் போனார். டேபிள் ஃபேனை நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, அந்தச் சின்ன ஃபேன் சுற்றுகிற ஓட்டையில் நன்றாக அடைத்தார். அகலைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார். தீக்குச்சி கிழித்தார். சுடர் ஆடாமல் நின்றது. கண்ணாடிக் கதவைப் பாதி சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் வாயில் டீ இருந்தது. விழுங்க மறந்துவிட்டேன்.

"மாமா!"

வீடே அதிர்ந்திருக்கும். மனுஷர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அய்ய, நீ எப்பமா வந்த?"

"என்ன பண்றீங்க? என்ன பண்ணிகிட்டு இருக்கீங்க?"

"விளக்கு வெக்கறேன்."

"துண்டை ஏன் உள்ள அடைச்சீங்க?"

"காத்து இழுக்குதும்மா, விளக்கு நிக்க மாட்டேங்குது. விளக்கு ஏத்தசொல்லோ ஃபேன நிறுத்த மாட்டாங்களா? இத்த நிறுத்த ஸ்விட்ச்சு தெர்ல எனக்கு. அதான் துண்ட வெச்சிட்டு, எண்ண தீந்ததும் எடுத்துடறேன்."

ஓடிப்போய்த் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். பெட்டி அதற்குள் வெதுவெதுவென்று ஆகியிருந்தது. விளக்கை ஊதப் போனேன், ஊத மனசு வரவில்லை, விளக்கை யாராவது வாயால் ஊதி அணைப்பார்களா? அகலைத் தூக்கி டீப்பாய் மேல் வைத்தேன். விரல் சுட்டது. ஆத்திரம் இன்னும் ஏறியது.

"ஒரு மாசமா இந்தப் பெட்டி தினம் செத்துச் செத்துப் பொழைக்குது மாமா! ஒரு டிஸ்க்கு போயே போச்சு! மிச்சம் இருக்கறதும் போச்சுன்னா அத்தை குரலே இல்ல, தெரியுமா? உங்க புள்ளை அங்க தூங்காம கிடக்கறாரு. நான் இங்க நாயா அலையறேன். எல்லாம் உங்க விளக்காலயா?"

கத்தி முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. குப்புராஜ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். துண்டில்லாத தோள் சின்னதாகத் தெரிந்தது.

"நாந்தான் அவள சூடு வெச்சிகினு இருந்தனா?" என்றார்.

"விளக்கு ஏத்தணும்னா அந்தப் படத்துக்கு ஏத்தலாமில்ல மாமா? அதுக்குத்தானே மாட்டி வெச்சிருக்கோம்?" என்றேன்.

"அந்தப் போட்டோவா? அது ஆதாருக்கு எவனோ புடிச்சது. தல சாஞ்சி, கண்ணு சொருவி, திருடியப் புடிச்ச மாதிரி கீது. அவ அப்படியா இருந்தா? நீயே சொல்லு."

இல்லை. அவர் அப்படி இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிய அன்றே எல்லாருக்கும் தெரியும். வேறு படம் கிடையாது. படம் எடுக்கப் போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்.

"அம்மா இதுக்குள்ளதான் கீறானு மோகன் சொன்னான். இது பெட்டின்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா கூமுட்டையா? போட்டோ மட்டும் இன்னா, காயிதந்தான? அதுல அவ இல்ல. இதுல அவ கொரலு கீதுன்னீங்க. சரி, கொரலு கீற எடத்துல ஏத்துவோம்னு, வருஷ தெவசம் முடிஞ்சதுலேர்ந்து ஏத்தனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கீது கீதுனு சொன்னீங்களே கண்டி, ஒரு வாட்டியாச்சும் யாரும் எனக்குப் போட்டுக் காட்லியேம்மா."

பளீரென்று ஓர் அறை வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு வருஷம். ஃபேன் மாற்றினோம், டிஸ்க் மாற்றினோம், லைன் மாற்றினோம். போலந்துக்காரனைக் கேட்டோம், பிரேசில்காரனைக் கேட்டோம். இந்த மனுஷரை யாரும் கேட்கவில்லை. அவர் கையில் இருப்பது பட்டன் போன். அதில் எதுவும் வராது. அவராகவும் வாய்விட்டுக் கேட்கிற ரகம் இல்லை.

மோகனைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "இன்னைக்கு நாப்பத்தாறோட நின்னுடுச்சு! என்ன பண்ணே?" என்று சந்தோஷப்பட்டார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அத்தை பேசுனதை உங்க அப்பாவுக்குப் போட்டுக் காட்டப் போறேன்."

"தமிழ், இப்ப வேணாம். காப்பி முடியட்டும். இன்னும் ஒரு நாள்…"

"ஒரு நாளும் இல்ல, ஒரு மணி நேரமும் இல்ல! பத்திரம் பத்திரம்னு பூட்டி வெச்சு யாருக்கு? உங்க அப்பா தினம் மூடின பெட்டிக்கு முன்னாடி விளக்கேத்தி வெச்சுட்டு நிக்கறாருங்க. அவருக்கு எழுபது தாண்டியாச்சு. சொல்லுங்க பாஸ்வேர்டை, இல்லேன்னா சத்தியமா பெட்டியைத் தூக்கி அடையாத்துல போட்டுடுவேன்!"

அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். லேப்டாப்பில் அடித்தேன். 'அம்மா' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்தது. நூற்றுக்கணக்கில் பதிவுகள், தேதி தேதியாக.

"நான் வெச்சுடறேன் தமிழ்" என்றார் மோகன். வைக்கவில்லை.

போனை மேஜையில் வைத்தேன். லேப்டாப்பை மாமனார் பக்கம் திருப்பினேன். எது நல்ல பதிவு, எது கெட்ட பதிவு என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் பட்டதை அழுத்தினேன்.

முதலில் ஒரே இரைச்சல். பாத்திரம் உருட்டுகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல், வீட்டையே நிறைக்கிற குரல்.

"மோகனு, நல்லா கீறியாடா? இங்க ஒரே மழடா. கீரக்காரி வர்ல. காலைலேர்ந்து நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வெச்சினு கீறேன், அதான் லேட்டு. நீ துன்னியா? வெயில்ல சுத்தாத. தமிழு கிட்ட சொல்லு, அவ ஆபீசுக்கு அந்த ரயில்ல தொங்கினு போறா, எனக்கு பக்குனு கீது…"

என்னைப் பற்றி மகனிடம் இப்படிப் பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. குப்புராஜ் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். கண்ணை லேப்டாப்பில் வைக்கவில்லை. காதை மட்டும் கொடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பதிவில் கிளியம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். குரல் சற்றுத் தள்ளிப் போய், இன்னும் பெரிதாகக் கேட்டது.

"யோவ்! எத்தினி வாட்டிய்யா கூப்புடறது? சோறு ஆறிப் போவுது, எந்திரிச்சு வாய்யா!"

"தோ வந்துட்டேண்டி" என்றார் என் மாமனார்.

சொல்லிவிட்டு முழங்காலில் கையூன்றி எழுந்தே விட்டார். இரண்டடி வைத்தார். நடுக் கூடத்தில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் ஓடிப்போய் அவருக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.